கழற்றிப் பார்க்கக்கூடிய கணிப்பொறி



நம் கோவை மாவட்டத்துத் தோட்டங்களில் கிணற்று மோட்டார் புகைந்து நின்றுவிட்டால் விவசாயி என்ன செய்கிறார்? உடனே புதிய மோட்டார் வாங்க ஓடுவதில்லை. மோட்டாரைக் கழற்றி வண்டியில் ஏற்றிக் காயில் கட்டும் கடையில் கொண்டுபோய் இறக்குகிறார். கடைக்காரர் கருகிப்போன செப்புக் கம்பியை உருவி எடுக்கிறார். எத்தனை சுற்று, எந்தக் கனக் கம்பி என்று எண்ணிப் பார்த்துப் புதுக் கம்பி சுற்றுகிறார். ஓரிரு நாளில் வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது. இதற்கு மோட்டார் செய்த கம்பெனியின் அனுமதியை யாரும் கேட்பதில்லை. பணம் கொடுத்து வாங்கிய பொருளைத் திறந்து பார்க்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு என்பதில் நம் ஊரில் எவருக்கும் ஐயம் கிடையாது.

இந்தப் பழக்கத்துக்கு நம் மண்ணில் புகழ்பெற்ற முன்னோடி ஒருவர் உண்டு. கலங்கல் கிராமத்தில் 1893-ஆம் ஆண்டு பிறந்த ஜி. டி. நாயுடு, வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்தார். கோவையில் ஓர் உணவு விடுதியில் வேலை செய்து பணம் சேர்த்து அதையே விலைக்கு வாங்கினார். வாங்கியவர் ஓட்டி மகிழ்ந்ததோடு நில்லாமல் பாகம் பாகமாகப் பிரித்துப் போட்டுக் கற்றார். 1937-இல் இந்தியாவிலேயே செய்யப்பட்ட மின்மோட்டார் கோவையில் உருவானபோது, டி. பாலசுந்தரம் நாயுடுவுடன் அவர் பெயரும் சேர்ந்து நின்றது.

இனி நம் பாடத்துக்கு வருவோம். தோட்டத்து மோட்டாருக்கு உள்ள இந்த உரிமை, உங்கள் வீட்டு மேசையில் இருக்கும் கணிப்பொறிக்கு உண்டா?

மூடிய பெட்டியும் திறந்த பெட்டியும்

கணிப்பொறியின் இரும்பையும் பிளாஸ்டிக்கையும் திருப்புளி கொண்டு திறந்துவிடலாம். ஆனால் அதை இயக்கும் மென்பொருளை அவ்வாறு திறக்க முடியாது. மனிதர் எழுதிய கட்டளை வரிகளுக்கு மூலநிரல் என்று பெயர். அதைக் கணிப்பொறிக்குப் புரியும் 0, 1 என்ற இலக்கங்களாக மாற்றியே நமக்கு விற்கிறார்கள். கடையில் வாங்கும் சாம்பார்ப் பொடிப் பொட்டலம் போன்றது அது. குழம்பு வைக்கலாம்; ஆனால் கொத்தமல்லி எவ்வளவு, மிளகாய் எவ்வளவு என்று பொடியிலிருந்து திரும்ப எடுக்க முடியாது. போதாக்குறைக்கு, உறையின்மேல் ஒப்பந்தம் ஒன்றும் இருக்கும்: இதைப் பிரித்து ஆராயலாகாது, பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கலாகாது.

அமெரிக்காவில் மசாசுசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற நிரலர் பணியாற்றி வந்தார். அங்கிருந்த ஓர் அச்சுப்பொறியில் காகிதம் அடிக்கடி சிக்கிக்கொள்ளும். பழைய பொறியாக இருந்தபோது, சிக்கியதும் வேலை கொடுத்தவருக்குச் செய்தி போகுமாறு அவர் நிரலைத் திருத்தி வைத்திருந்தார். புதிய பொறி வந்தபோது மூலநிரல் வரவில்லை; கேட்டும் கிடைக்கவில்லை. சிறிய சங்கடம்தான். ஆனால் அவர் அதைச் சிறிதாக எண்ணவில்லை. 1983-இல் குனு என்ற திட்டத்தை அறிவித்தார். எந்தத் தேவைக்கும் இயக்கலாம், படித்துத் திருத்தலாம், பிறருக்குப் பகிரலாம், திருத்தியதையும் பகிரலாம் என்னும் நான்கு உரிமைகளும் உள்ள மென்பொருளைப் படைப்பதே அத்திட்டம். 1991-இல் பின்லாந்து நாட்டில் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், தம் 21-ஆம் வயதில், லினக்ஸ் என்னும் கருவை எழுதி வெளியிட்டார். இரண்டும் சேர்ந்து முழுமையான ஓர் இயங்குதளம் ஆயிற்று. இன்று உங்கள் தந்தையார் கையிலுள்ள ஆண்ட்ராய்டு கைப்பேசியின் அடியில் இருப்பதும் அந்த லினக்ஸ் கருவே.

ஆங்கிலத்தில் இலவசத்துக்கும் விடுதலைக்கும் ஒரே சொல் வழங்குவதால் அவர்கள் இதை விளக்கப் பெரும்பாடு படுகிறார்கள். தமிழுக்கு அந்தத் தொல்லை இல்லை. இலவசம் வேறு, கட்டற்றது வேறு. நம் மொழியில் இதைக் 'கட்டற்ற மென்பொருள்' என்கிறோம். காசில்லாமல் கிடைக்கும் பல செயலிகள் கட்டற்றவை அல்ல என்பதைப் பெற்றோர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். இதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

பழைய ஆண்டு மலர் படிக்கும் பாடம்

'திறந்து பார்க்க எனக்கு நேரமும் இல்லை, அறிவும் இல்லை. எனக்கு இதனால் என்ன?' என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. அவர்கள் ஏதாவது ஒரு பள்ளி நூலகத்தில் பழைய ஆண்டு மலர்களை எடுத்துப் பார்க்கட்டும். எழுபதுகளில் ஈய எழுத்துக் கோத்து அச்சிட்ட மலரை இன்றும் வரி விடாமல் படிக்கலாம். தொண்ணூறுகளுக்குப் பிறகு மலர்கள் கணிப்பொறியில் கோக்கப்பட்டன. பெரும்பாலும் பேஜ்மேக்கர் என்ற மென்பொருளில். அச்சிட்ட பிரதி கிழிந்துபோனால், குறுந்தகட்டில் இருக்கும் கோப்பைத் திறந்து மீண்டும் அச்சிடலாம் என்று எண்ணுவோம். பேஜ்மேக்கரின் கடைசிப் பெரும் பதிப்பு 2001-இல் வெளிவந்தது. அதன் பிறகு அது நின்றுவிட்டது. புதிய மென்பொருள்கள் பல அக்கோப்புகளைத் திறக்க மறுக்கின்றன.

எப்படியோ திறந்துவிட்டாலும் தமிழ் தெரியாது. ஏனெனில் அக்காலத்தில் ஒவ்வொரு எழுத்துரு நிறுவனமும் 'அ' என்ற எழுத்தைத் தன் விருப்பப்படி ஓர் எண்ணில் வைத்தது. அந்த எழுத்துரு இல்லாத கணிப்பொறியில் 'அம்மா' என்ற சொல், ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாகத் தோன்றும். ஐம்பது ஆண்டுக்கு முன் ஈயத்தில் கோத்த கவிதை பிழைத்திருக்க, இருபது ஆண்டுக்கு முன் கணிப்பொறியில் தட்டிய கவிதை மறைந்துபோகும் நிலை வந்தது இப்படித்தான்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கச் சென்னையில் 1999 பிப்ரவரியில் தமிழ்நெட் 99 மாநாடு கூடிற்று. தமிழ்99 விசைப்பலகை அப்போது பிறந்ததே. எழுத்துக் குறியீட்டைப் பொறுத்தவரை உலகப் பொதுமுறையான யூனிகோடு ஏற்கப்பட நமக்கு இன்னும் பத்தாண்டு பிடித்தது. அந்த நிகழ்ச்சிக்கும் கோவைக்கும் தொடர்பு உண்டு. 2010 ஜூன் 23 முதல் 27 வரை நம் நகரில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடும் அதனுடன் தமிழ் இணைய மாநாடும் நடைபெற்றன. அவ்வேளையில்தான் தமிழக அரசு யூனிகோடைத் தன் பயன்பாட்டுக்குரிய தரமாக அறிவித்தது. கொடிசியா வளாகத்தில் அலைமோதிய கூட்டத்தை உங்கள் பெற்றோர் நினைவு வைத்திருப்பார்கள். ஊர்திகளின் அணிவகுப்பை நினைக்கும் அளவுக்கு இந்த அறிவிப்பை யாரும் நினைப்பதில்லை என்பது என் வருத்தம்.

தரம் பொதுவாக இருந்தால் மட்டும் போதுமா? அதைக் கையாளும் கருவிகளும் வேண்டும். இங்கேதான் கட்டற்ற மென்பொருள் தமிழுக்குக் கை கொடுத்தது. லினக்ஸின் திரைகளையும், பயர்பாக்ஸ் உலாவியையும், லிப்ரே ஆபீஸையும் தமிழில் பெயர்த்தவர்கள் சம்பளம் பெறாத தன்னார்வலர்கள். தமிழா குழுவினர் விசைப்பலகைக்காக இ-கலப்பை தந்தார்கள். முத்தையா அண்ணாமலை என்னும் பொறியாளர் தமிழ்ச் சொற்களாலேயே நிரல் எழுத 'எழில்' என்ற மொழியைப் படைத்தார். 2012 ஜனவரி முதல் 'கணியம்' என்ற இதழ் இத்துறைக் கட்டுரைகளைத் தமிழில் வெளியிட்டு வருகிறது. விற்பனை ஆகும் என்று கணக்குப் பார்த்துத்தான் ஒரு நிறுவனம் தமிழைச் சேர்க்கும். தமிழுக்காவது கோடிக்கணக்கில் பேசுவோர் உண்டு. நீலகிரியின் படகர்களுக்கும் தோடர்களுக்கும் எந்த நிறுவனம் மென்பொருள் செய்து தரும்? மூலநிரல் திறந்திருந்தால் அவர்களே செய்துகொள்ளலாம்.

அரசு தந்த மடிக்கணிப்பொறி

நம் மாநிலம் இவ்வழியில் சில அடிகள் நடந்து பார்த்தது. 2006-ஐ அடுத்த ஆண்டுகளில், சி. உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்தபோது, எல்காட் நிறுவனம் தன் கணிப்பொறிகளை லினக்ஸுக்கு மாற்றிற்று. மேனிலை வகுப்புகளின் முந்தைய பாடத்திட்டத்தில் உங்கள் அக்காமார் படித்தது ஸ்டார் ஆபீஸ். 1999-இல் அதை வாங்கிய சன் நிறுவனம் அடுத்த ஆண்டே மூலநிரலைத் திறந்துவிட, அது ஓப்பன் ஆபீஸ் ஆயிற்று. 2010-இல் அதிலிருந்து லிப்ரே ஆபீஸ் கிளைத்தது. 2018-இல் வந்த 11-ஆம் வகுப்புப் புத்தகத்தில் உபுண்டு லினக்ஸைப் பார்த்திருப்பீர்கள். தேர்வுக்கு மனப்பாடம் செய்தவர்கள் எத்தனை பேர், ஒருமுறையேனும் இயக்கிப் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று நான் கேட்கப் போவதில்லை.

2011 செப்டம்பரில் தொடங்கிய இலவச மடிக்கணிப்பொறித் திட்டத்தில் விண்டோஸோடு, சி-டாக் நிறுவனத்தார் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்த்தே தரப்பட்டது. நல்ல எண்ணம். ஆனால் அதைப் பயன்படுத்தச் சொல்லிக்கொடுப்பார் இல்லை. நான் கண்ட பொறிகளில் பலவற்றில் அந்தப் பகுதி, படம் சேமிக்க இடம் வேண்டும் என்று அழிக்கப்பட்டிருந்தது.

அம்மடிக்கணிப்பொறிகள் இன்று எங்கே? பல வீடுகளில் பரண்மேல் கிடக்கின்றன. 'ரொம்ப மெதுவு, பேட்டரியும் போச்சு' என்பார்கள். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்ததால் இன்னும் பல பொறிகள் பரணேறக் காத்திருக்கின்றன. இவற்றைக் கழிக்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். லினக்ஸ் மின்ட் போன்ற ஒன்றை வேறொரு கணிப்பொறியில் இறக்கி, 8 ஜிபி பென்டிரைவில் எழுதிக்கொள்ளுங்கள். பழைய பொறியை அதிலிருந்தே இயக்கிப் பார்க்கலாம். உள்ளே இருப்பது எதுவும் அழியாது. வைஃபை, ஒலி, திரை மூன்றும் சரியாக இருந்தால் பிறகு நிறுவலாம். நிறுவும் முன் படங்களையும் பாடக் குறிப்புகளையும் வேறிடத்தில் எடுத்துவைப்பது கட்டாயம். முதலில் வந்த பொறிகளில் நினைவகம் 2 ஜிபி மட்டுமே. அதை 4 ஆக்கி, சுழலும் தட்டுக்குப் பதிலாக ஒரு சிறு எஸ்எஸ்டி போட்டால் கிழவி குமரியாகிவிடுவாள். காந்திபுரத்துக் கடைகளில் இவை கிடைக்கும். எழுதவும், கணக்குப் போடவும், பைத்தான் பழகவும் அது தாராளமாகப் போதும். இணையத்தில் பத்துப் பக்கங்களை ஒருசேரத் திறந்தால் மட்டும் மூச்சு வாங்கும்.

லினக்ஸ் எல்லாவற்றையும் செய்யும் என்று சொல்பவரை நம்ப வேண்டாம். தந்தையார் பனியன் கம்பெனிக் கணக்கை டாலியில் எழுதுபவரானால் அந்தப் பொறியைத் தொடாதீர்கள். டாலி விண்டோஸுக்கென்றே எழுதப்பட்டது. சில அச்சுப்பொறிகளும் முரண்டு பிடிக்கும். வயிற்றுப்பாட்டுக்கு உதவும் பொறியில் பரிசோதனை கூடாது. பரண்மேல் கிடப்பதில் செய்யுங்கள்.

வீட்டுக்கொரு வழங்கி

சர்வர் என்றால் பெரிய கண்ணாடி மாளிகையில் இருப்பது என்று நினைக்கிறோம். தமிழில் அதை வழங்கி என்பர். கேட்டதை எடுத்து வழங்கும் எந்தக் கணிப்பொறியும் வழங்கியே. கோவை கிரைண்டர் வீடுதோறும் வந்தபின் நாம் மாவுக்காக வெளியே போவதில்லை. படங்களுக்கு மட்டும் ஏன் வெளியே போகிறோம்? குடும்பத்தின் திருமணப் படம், முதல் நன்மைப் படம், தாத்தாவின் குரல் எல்லாம் கடல் கடந்த கம்பெனியின் அலமாரியில் இருக்கின்றன. கூகுள் போட்டோஸ் அளவின்றி இலவசமாக வைத்துக்கொண்டிருந்த ஏற்பாடு 2021 ஜூன் 1-இல் முடிந்தது. பின்பு இடம் நிறைந்தவர்கள் மாதக் கட்டணம் கட்டினார்கள், அல்லது படங்களை அழித்தார்கள்.

நெக்ஸ்ட்கிளவுட் என்னும் கட்டற்ற மென்பொருளை வீட்டுக் கணிப்பொறி ஒன்றில் நிறுவினால், வீட்டார் கைப்பேசிகளின் படங்கள் தாமாகவே அதில் வந்து சேரும். ஜெல்லிஃபின் என்பது பாட்டும் படமும் வழங்கும். எளிய வேலை என்று சொல்ல மாட்டேன். ஒரு வார விடுமுறையும் பொறுமையும் வேண்டும்.

மின்கட்டணம்? இதோ ஒரு கணக்கு. 60 வாட் எடுக்கும் பழைய மேசைக் கணிப்பொறி இரவும் பகலும் ஓடினால் நாளொன்றுக்கு 1.44 யூனிட், இரண்டு மாதத்துக்கு 86.4 யூனிட். 2016-இல் தமிழக அரசு இரு மாதத்துக்கு முதல் 100 யூனிட்டை வீடுகளுக்கு இலவசமாக்கியது. அதில் பெரும்பகுதியை இது ஒன்றே விழுங்கிவிடும். 2012-இல் இங்கிலாந்தில் மாணவர்களுக்கென்று வெளிவந்த ராஸ்பெரி பை உள்ளங்கை அளவே இருக்கும்; 5 வாட் என்று வைத்தால் அதே காலத்துக்கு 7.2 யூனிட்தான். மேசைக் கணிப்பொறியை வழங்கியாக வைப்பவர் மாலையில் மட்டும் இயக்கினால் நல்லது.

இரண்டு எச்சரிக்கைகள். வீட்டு வழங்கியை வெளி இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள். திண்ணையில் பீரோவை வைப்பதற்குச் சமம். அடுத்து, ஒரே வட்டில் வைத்த படம் பாதுகாப்பான படம் ஆகாது. இன்னொரு வட்டில் பிரதி எடுத்து, அதைப் பாட்டி வீட்டில் கொடுத்து வையுங்கள். மின்னழுத்தம் ஏறி இறங்கி ஒரு வீட்டுப் பொறி கெட்டாலும் மற்றது இருக்கும்.

அருட்சகோதரியருக்கு ஒரு விண்ணப்பம். கிவிக்ஸ் என்ற மென்பொருளால் தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் ஒரு சிறு நினைவக அட்டையில் அடக்கலாம். 2003-இல் தொடங்கிய அக்கலைக்களஞ்சியத்தில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் உள்ளன. விடுதியில் ஒரு ராஸ்பெரி பையில் இதை வைத்தால், இணையம் இல்லாமலே எல்லாப் பிள்ளைகளும் படிக்கலாம். விடுதிப் பிள்ளைகளுக்குக் கைப்பேசி கொடுப்பதா வேண்டாமா என்னும் நீண்ட வழக்கில் இது ஒரு நடுவழி ஆகும்.

விளையாட்டு

தாய்மார்கள் காத்திருக்கும் இடம் இதுதான் என்று அறிவேன். கணிப்பொறி விளையாட்டை முழுவதும் கண்டிக்க நான் வரவில்லை. ஆனால் விளையாட்டை இரு வகையாகப் பிரிப்பேன். பிள்ளை விளையாட்டை ஆட்டுவது ஒன்று; விளையாட்டு பிள்ளையை ஆட்டுவது மற்றொன்று. காசின்றிக் கிடைத்து, உள்ளே போனபின் நாணயம் வாங்கு, ஆடை வாங்கு என்று நச்சரிப்பவை பின்னதைச் சேர்ந்தவை. உள்ளே என்ன நடக்கிறது, எத்தனை முறைக்கு ஒருமுறை நம்மை வெல்லவிடுகிறார்கள் என்பதை நாம் பார்க்க முடியாது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகள் இதன் முற்றிய நிலை. பல உயிர்கள் போனபின், நீதியரசர் கே. சந்துரு குழுவின் அறிக்கையைப் பெற்றுத் தமிழக அரசு 2022-இல் சட்டம் இயற்றியது. 2025 ஆகஸ்டில் பாராளுமன்றமும் நாடு முழுமைக்கும் சட்டம் செய்தது.

கட்டற்ற விளையாட்டுகளில் இந்த நச்சரிப்புக் கிடையாது. சிறு பிள்ளைகளுக்கு 2000-இல் பிரான்சில் தொடங்கிய ஜிகாம்ப்ரி, வரைவதற்கு டக்ஸ் பெயின்ட், பெரிய பெண்களுக்குக் கட்டை கட்டையாக உலகம் கட்டும் லுவான்டி ஆகியவற்றைத் தயங்காமல் கொடுக்கலாம். பெருவிளையாட்டுகளை விரும்பும் அண்ணன்மார் லினக்ஸில் விளையாட்டே இல்லை என்று பல காலம் ஏளனம் செய்தார்கள். 2018-இல் வால்வ் நிறுவனம் புரோட்டான் என்ற மென்பொருளை வெளியிட்டபின், விண்டோஸுக்கென எழுதிய விளையாட்டுகள் பலவும் லினக்ஸில் ஓடுகின்றன. ஏமாற்றுவோரைப் பிடிக்கும் காவல் நிரல் உள்ள சில இன்னும் ஓட மறுக்கின்றன. அவற்றை இழந்ததற்காக நான் கண்ணீர் விடவில்லை.

எனக்குப் பிடித்த விளையாட்டோ பல்லாங்குழி. விதி முழுவதும் கண்முன்னே கிடக்கிறது. பாட்டியும் பேத்தியும் உடன்பட்டால் விதியை மாற்றிக்கொள்ளலாம். இதை நீங்களே பைத்தானில் எழுதிப் பாருங்கள். 14 குழிக்கு 14 எண்கள் கொண்ட ஒரு பட்டியல். எல்லாவற்றிலும் முதலில் 5. குழிகளை 0 முதல் 13 வரை எண்ணுங்கள். ஒரு குழியின் காய்களை அள்ளி அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாகப் போட வேண்டும். 13-ஆம் குழிக்கு அடுத்தது 0 அல்லவா? குழி எண்ணோடு 1 கூட்டி 14-ஆல் வகுத்து மீதியை எடுத்தால் அது தானே வந்துவிடும். வகுப்பில் அலுத்துக்கொண்டு படித்த மீதிதான் இங்கே சுற்றி வரும் பாதை ஆகிறது. கைக்காய் தீர்ந்ததும் அடுத்த குழியை அள்ளித் தொடர வேண்டும். அது வெறுங்குழியானால் அதைத் துடைத்து அதற்கடுத்த குழியை எடுத்துக்கொண்டு ஆட்டத்தை விட வேண்டும். ஏதேனும் குழியில் 4 சேர்ந்தால் பசு; அக்குழிக்கு உரியவள் எடுத்துக்கொள்வாள். இந்தச் சோதனையை ஒவ்வொரு காய் போட்ட உடனும் செய்ய வேண்டும்; ஆட்ட முடிவில் செய்தால் பசு ஐந்தாகி ஓடிவிடும். உங்கள் வீட்டில் குழிக்கு 6 காய் வைத்து ஆடுவது வழக்கமானால், அந்த 5 என்ற ஓர் எண்ணை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.